பதினோராம் நாற்காலி

தூத்துக்குடித் தோணிகள் கூடைப்பந்து சீசனின் கடைசி ஆட்டத்தையும் சொந்த ஊரில் வைத்தே தோற்றுத் தொலைத்தார்கள். சும்மா தோற்கவில்லை, இருபத்தாறு புள்ளி வித்தியாசம். நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போதே பாதிக் கூட்டம் எழுந்து பரோட்டாக் கடைக்குப் போய்விட்டது. மீதிப் பாதி உட்கார்ந்திருந்தது பாசத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். போகிற போக்கில் ஜெனோவா காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான் இருந்தார்கள்.

"இவ எப்ப அந்தச் சேர்ல வந்து உக்காந்தாளோ, அன்னைக்கே டீம் படுத்துட்டு. ராசியில்லாத சென்மம்," என்றார் பின்வரிசை மீசைக்காரர். இரண்டு வருடமாக அதே ஆள், அதே வார்த்தை.

ஜெனோவா திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் இதற்கெல்லாம் திரும்பினால் கழுத்து வலிதான் மிஞ்சும். இதே அரங்கில் பதினோரு சீசன் பந்தை நடத்திச் சென்றவள் அவள். மூன்று கோப்பை வாங்கியவள். ஐந்து வருடத்துக்கு முன்னால் முழங்கால் போயிற்று, அதோடு ஆட்டமும் போயிற்று. மூன்று வருடம் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பிறகு கிளப்பே கூப்பிட்டு, யாரை எடுப்பது யாரை விடுவது என்று முடிவு செய்கிற மேலாளர் வேலையைக் கொடுத்தது. ஆடிய காலத்தில் அவள் சட்டை எண் பதினொன்று. அந்த மரியாதைக்காகக் கூடைக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், பதினோராம் நாற்காலியையும் அவளுக்கென்று ஒதுக்கியது.

உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. வெளியூருக்கு மட்டும் போவதில்லை. அந்த முழங்காலை மடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது. வீட்டில் டிவியில் பார்த்துக்கொள்வாள். நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், அவள் விரல்கள் மடியில் ஓயாமல் அசையும். இங்கே பிடி, அங்கே கொடு, இடது பக்கம் போ என்று பழைய பாடத்தை அவை தாமாக ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

அன்றும் அசைந்துகொண்டிருந்தன. பொன்சீலன் அவளுக்கு எதிரே ஆறடி தூரத்தில்தான் நின்றான். முப்பத்து நான்கு வயது, ஆறடி ஒன்பது அங்குலம், அணியின் நடுத்தூண். அவளோடு ஒன்பது சீசன் ஆடியவன். கூடப் பிறக்காத தம்பி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவான். அப்படிப்பட்டவன், அவள் அந்த நாற்காலிக்கு வந்த இரண்டு வருடத்தில், ஆட்டத்தின்போது ஒரு தடவைகூட அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியதில்லை. அது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. சரி, தோற்கிறவனுக்கு வெட்கம் இருக்காதா என்று தன்னையே தேற்றிக்கொள்வாள்.

இரண்டு வருடமும் அணி கடைசி இடம். மூன்றாவது வருடமும் கடைசி என்றால் லீக் உரிமத்தைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடும். தூத்துக்குடிக்குத் தோணிகள் உண்டா இல்லையா என்பது இனி ஒரே ஒரு சீசன் விவகாரம்.

மறுநாள் காலையில் சேர்மன் தெய்வேந்திரன் கூப்பிட்டு அனுப்பினார். உப்பளக்காரர், அப்பா நடத்திய கிளப்பைப் போன வருடம்தான் கையில் எடுத்திருந்தார். உப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கூடைப்பந்தைப் பற்றி, அது உருண்டை என்கிற வரைக்கும் தெரியும்.

"வெளியூர்ல பதினாலு ஆட்டத்துல எட்டு ஜெயிச்சிருக்கோம். இங்கன பதினாலுல ஒண்ணு. அதெப்படிம்மா? சொந்த வீட்டுலயா ஒருத்தன் தடுக்கி விழுவான்?"

"தெரியல சேர்மன். ஆறு மாசமா அதத்தான் நானும் யோசிக்கேன்."

"கடல் காத்துல தரை பிசுபிசுங்குன்னு தரைய மாத்துனேன். ஃபாதரக் கூட்டிட்டு வந்து தீர்த்தம் தெளிச்சேன். அதுலயும் நடக்கலன்னு பூசணிக்காயும் உடைச்சேன்."

"அந்தப் பூசணிக்காய் வழுக்கித்தான் ஒருத்தனுக்குக் கணுக்கால் போச்சு."

"அத விடு. இப்ப என்ன செய்யப் போற?"

"மொத்தமாப் பிரிச்சுட்டு மறுபடி கட்டப் போறேன். மூணு பேர வெளிய விடணும். அதுக்குப் பதிலா இளசுகள எடுக்கணும்."

"அப்ப செய்ய வேண்டியதுதான? மத்த டீம்காரன் ஒருத்தனும் ஏன் அதச் செய்ய மாட்டேங்கான்?"

ஜெனோவா காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினாள். தோலுக்கடியில் மிளகு அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது.

"இந்தப் பொட்டு இருக்குல்லா, இதுதான் காரணம். இது ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிடும்."

"மனசப் படிக்குமோ?"

"மனசெல்லாம் படிக்காது. கை எங்க போகப் போகுது, கால் எங்க வைக்கப் போறான், அத மட்டும் அரை நொடி முந்திக் கூட ஆடுறவனுக்குச் சொல்லிரும். ஒரு கோர்ட் நீளத்துக்குத்தான் எட்டும். ரெண்டு பேரு சேந்து ஆட ஆட அது இறுகும். அதுக்கு நாங்க முடிச்சுன்னு பேரு வச்சிருக்கோம். அதனாலதான் திரும்பிப் பாக்காமலே பாஸ் குடுக்காவ. ஆம்பள பொம்பள, நெட்டை குட்டை எல்லாம் ஒண்ணா ஆடுறதும் அது வந்ததுக்கு அப்புறம்தான்."

"நல்ல விசயம்தான?"

"சேந்து இருக்க வரைக்கும் நல்ல விசயம். ஒருத்தர வேற டீமுக்கு விடணும்னா முடிச்ச எல்லாம் அவிழ்க்கணும். இல்லன்னா நம்ம ஆட்டம் பூரா அங்க தெரிஞ்சிரும்லா. அவிழ்த்தா மூணு மாசம் ஆளு ஆளா இருக்க மாட்டான். வீட்டுல நாலு பேர ஒரே நாள்ல அடக்கம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கும்ங்காவ. வயசானவங்களுக்கு மறுபடி பொட்டு பிடிக்காமலே போறதும் உண்டு. அந்தப் பாவத்துக்குப் பயந்துதான் எவனும் யாரையும் மாத்துறதில்ல. அஞ்சு பேரும் சேந்தே கிழடாகி, சேந்தே தோக்காங்க."

தெய்வேந்திரன் அந்த மேட்டையே பார்த்தார். "நீ அதச் செய்யப் போறியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"செஞ்சுதான் ஆகணும்."

அவள் கண் வைத்திருந்தது சந்தனமாரி மீது. ராஜபாளையத்துப் பெண், இருபது வயது, ஐந்தடி நான்கு அங்குலம். இருபத்தொரு வயது ஆகாமல் பொட்டு வைக்கக் கூடாது என்பது லீக் விதி. இளசுகள் எல்லாம் தங்களுக்கு எப்போதடா பொட்டு வைப்பார்கள் என்று காத்திருந்தால், இந்தப் பெண் கண்ணை வைத்தே எல்லாரையும் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எதிராளி பந்தை வைத்துக்கொண்டு ஒரு கணம் பார்வையை வேறு பக்கம் விட்டால் போதும், பந்து அவன் கையில் இருக்காது. பொட்டு வைத்தவர்கள் பார்த்து ஆடுவதையே மறந்து போயிருந்தார்கள். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

கடைசி இடத்து அணிக்குத்தான், புதுசாக வருகிறவர்களை அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும் டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கிற உரிமை. நியாயமாகப் பார்த்தால் சந்தனமாரி தோணிகளுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த உரிமை இப்போது கோயம்புத்தூர் அணியிடம் இருந்தது. கொடுத்தவள் வேறு யாருமில்லை, ஜெனோவாதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து வந்த, தூரத்திலிருந்தே கூடையில் போடுகிற ஒரு குறிக்காரனுக்காக இரண்டு வருடம் கழித்து வரும் முதல் தேர்வை எழுதிக் கொடுத்தாள். அந்தக் குறிக்காரன் எட்டு ஆட்டத்தில் தோளை முறித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான். தன் கையால் கொடுத்ததைத் தன் கையாலேயே திரும்ப வாங்க வேண்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோயம்புத்தூர் மேலாளர் கார்வேந்தனுக்குப் போன் போட்டாள்.

"வணக்கமுங்க," என்றார் அவர். குரலில் தேன் வழிந்தது. "நீங்க கூப்பிடுவீங்கன்னு தெரியுமுங்க. அந்தப் புள்ளயத்தானுங்க கேக்கறீங்க?"

"முதல் தேர்வ எனக்குத் திருப்பிக் குடுங்க. என்ன வேணும்?"

"பொன்சீலன் வேணுமுங்க."

"அவனுக்கு முப்பத்து நாலு வயசு ஆகுது."

"ஆகட்டுமுங்க. எங்களுக்கு எல்லாம் இருக்குது, கூடைக்குக் கீழ நிக்கிறதுக்கு ஒரு ஆளு மட்டுந்தானுங்க இல்ல. ரெண்டு வருசம் நின்னாப் போதும், கப்பு எங்களுக்குத்தான். வேற யாரச் சொன்னாலும் பேச்சே வேண்டாமுங்க."

ஒரு வாரம் அவரிடம் மல்லுக்கட்டினாள். இரண்டு பேரைத் தருகிறேன், மூன்று பேரைத் தருகிறேன் என்றாள். மனிதர் அசையவில்லை. இடையில் மற்ற இரண்டு மூத்தவர்களைக் கொச்சிக்கும் சென்னைக்கும் கொடுத்து நான்கு இளசுகளை வாங்கிப் போட்டாள். அவிழ்ப்பு முடிந்து வெளியே வந்த ஒருத்தி, ஓய்வறை வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று அனுமதி கேட்டாள். பத்து வருடம் அவள் ஆடை மாற்றிய அறை அது. ஜெனோவா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் கார்வேந்தனைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டாள்.

பொன்சீலனைத் தன் அறைக்கு வரச் சொன்னாள். வந்து எதிரே உட்கார்ந்தான், நாற்காலி அழுதது. மேசையில் அவளுக்கு வந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அதை அவன் பக்கம் நகர்த்தலாம் என்று அவள் நினைப்பதற்குள் அவன் கை நீண்டு தம்ளரை எடுத்துக்கொண்டது. பழைய பழக்கம் போகவில்லை பார், என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

"ஏல சீலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கோயம்புத்தூரா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்த டிராயர்ல பேப்பர் வச்சிருக்க. எடுக்கவா வேண்டாமான்னு உன் கை நாலு தடவ போயிட்டுப் போயிட்டு வருது." அவன் டீயைக் குடித்தான். "அந்தச் சின்னப் புள்ளைக்காகவா?"

"ஆமா."

"நல்லா ஆடுவாளா?"

"என்னய விட நல்லா ஆடுவா."

"பொய் சொல்லாத," என்றான். பிறகு தம்ளரைக் கீழே வைத்து, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டான்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு சண்டையாவது போடுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். "உனக்கு மறுபடி பொட்டு பிடிக்காமப் போனா என்னல செய்வ? மூளையிருக்கா? ரெண்டு வருசம் இங்கனயே ஆடிட்டு மாலையும் கழுத்துமா வீட்டுக்குப் போகலாம். நான் போகச் சொல்லுதேன், நீயும் சரின்னு சொல்லுத?"

"நான் இருந்தா டீம் தோக்கும்க்கா."

"நீ இருந்தா டீம் ஏம்ல தோக்கும்?"

அவன் பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தான்.

டிராஃப்டுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் அவிழ்ப்புச் சான்றிதழ் லீக்குக்குப் போய்ச் சேர வேண்டும். போனால்தான் மாற்றம் செல்லும். மதியம் இரண்டு மணிக்கு லீக் மருத்துவர் ஜுவைரியா தன் கருவிப்பெட்டியோடு அரங்கத்தின் சிகிச்சை அறைக்கு வந்தார். காயல்பட்டினத்துக்காரர், அதிகம் பேசாதவர். பொன்சீலனைப் படுக்கையில் சாய்த்து, காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டினார். ஜெனோவா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. இருக்காமல் போக அவளால் முடியவில்லை.

"அணியில ஆடிட்டிருந்தவங்க நாலு பேரு. அதுல ரெண்டு ஏற்கெனவே அவிழ்த்தாச்சு," என்றார் மருத்துவர், திரையைப் பார்த்தபடி. "மிச்சம் ரெண்டு இருக்கணும்." பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "மூணு இருக்கு."

"மூணு எப்படி இருக்கும்?" என்றாள் ஜெனோவா.

மருத்துவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று கோடுகள். இரண்டு மெலிசாக, சோம்பிக் கிடந்தன. மூன்றாவது தடிமனாக, துடித்துக்கொண்டிருந்தது. ஜெனோவா என்ன இது என்று சுட்டிக்காட்டக் கையைத் தூக்கினாள். கோடு ஒரு குதி குதித்தது. கையை இறக்கினாள். அது அடங்கியது.

மறுபடி தூக்கினாள். மறுபடி குதித்தது.

"என் பொட்ட அணைச்சிட்டாங்களே," என்றாள் கடைசியில். "ரிட்டயர் ஆனப்பவே அணைச்சாச்சு. அஞ்சு வருசமா எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"கேக்குற பக்கத்தத்தான் அணைப்போம்," என்றார் ஜுவைரியா மெதுவாக. "ரிட்டயர் ஆனவங்க வெளிய உக்காந்து ஆட்டத்த ஒட்டுக் கேக்கக் கூடாதுல்ல. பேசுற பக்கத்துல கை வைக்கிறதில்ல. கூட ஆடலன்னா மத்தவங்ககிட்ட இருக்கிற முடிச்சு ஆறே மாசத்துல காஞ்சு போயிடும். கேக்க ஆள் இல்லாத பேச்சால யாருக்கு என்ன கெடுதல்னு விட்டுருவோம். இது காயவே இல்லையே. நீங்க ரெண்டு பேரும் இந்த அஞ்சு வருசத்துல எப்பவாவது சேர்ந்து ஆடினீங்களா?"

ஜெனோவாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடியில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பந்தை எறிவாள். அவன் தன் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல், ஒற்றைக் கையால் பிடிப்பான். பிள்ளைகள் கெக்கலி கொட்டும். வித்தை காட்டுகிறான் என்று அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

மற்றது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. வெளியூரில் எட்டு வெற்றி, உள்ளூரில் ஒன்று. அவள் டிவியில் பார்க்கும் ஊர்களில் வெற்றி. அவள் உட்கார்ந்திருக்கும் ஊரில் தோல்வி. பதினோராம் நாற்காலியில் அவள் விரல்கள் இடது பக்கம் கொடு என்றால், அரை நொடி முந்தி அவன் உடம்பு இடது பக்கம் போயிருக்கிறது. ஆனால் பந்தை வைத்திருந்தவன் வலது பக்கம் கொடுத்திருக்கிறான். ஊர் சொன்னது சரிதான். மீசைக்காரர் சொன்னது சரிதான். அவள் வந்து உட்கார்ந்துதான் அணி படுத்தது.

"உனக்குத் தெரியுமால?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"ரெண்டு வருசமாவா?"

"நீ அந்தச் சேர்ல உக்காந்த அன்னைக்கே தெரியும்."

"கோட்டிக்காரப் பயலே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பின்னால போய் உக்காந்திருப்பேனே! வீட்டுல கெடந்திருப்பேனே! ஊரே என்னய ராசியில்லாதவன்னு சொல்லிச்சு. நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான இருந்த?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்தபோது பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். தப்புதான். ஆனா எப்படிக்கா சொல்லுவேன்? முழங்கால் போனதோட நீ ஆடுறது முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நெனைக்காங்க. நீயும் நெனைக்க. நீ ஆடிட்டுத்தான் இருந்த. ஒவ்வொரு ஆட்டமும், மொத நிமிசத்துல இருந்து கடைசி நிமிசம் வரைக்கும், முன்ன விட நல்லா ஆடிட்டு இருந்த. அது எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். நிறுத்துன்னு நான் எந்த வாயால சொல்ல?"

ஜெனோவா அழுதுவிட்டாள். இருவர் முன்னாலும், மூக்கைச் சிந்திக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் முழங்காலுக்காக அழாத அழுகையும் அதில் சேர்ந்து வந்தது.

ஜுவைரியா ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால்.

"இன்னும் சான்றிதழ் அனுப்பல," என்றார். "உங்க பொட்டுல பேசுற பக்கத்த நான் இப்பவே அணைச்சிரலாம். ரெண்டு நிமிஷ வேலை. அவர் இங்கயே இருக்கலாம். இதுதான் காரணம்னா, அடுத்த வருஷம் நீங்க கடைசி இடத்துக்கு வர மாட்டீங்க."

ஜெனோவா அவனைப் பார்த்தாள். இருந்துவிடேன் என்று வாய் வரைக்கும் வந்தது. இருந்தால் ஒரு வருடம் தப்பிக்கலாம், ஒருவேளை இரண்டு. அதற்குள் அவனுக்கு வயது முப்பத்தாறு. சந்தனமாரி கோயம்புத்தூரில் வேர் பிடித்திருப்பாள். மறுபடி இதே குழி, அப்போது தூக்கிவிட யாரும் இருக்க மாட்டார்கள்.

"அணைச்சா நீ எனக்குக் கேக்க மாட்ட. ஆனா நான் தேடுறத நிறுத்த மாட்டேன்," என்றான் பொன்சீலன். "என்னய எனக்குத் தெரியும். அந்தச் சேர் சும்மா கெடந்தாலும் பாதி ஆட்டம் நான் அங்கதான் நிப்பேன். அவிழ்த்து விடுக்கா. நான் எங்கயாவது போய் ஒழுங்கா ஆடுதேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பாஸ்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு. அப்புறம் அவிழ்ப்போம்."

மூவரும் அரங்கத்துக்குள் போனார்கள். ஜெனோவா பந்தை எடுத்துக்கொண்டு பதினோராம் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொன்சீலன் அவளுக்கு முதுகைக் காட்டி நடுக்கோட்டில் நின்றான். அவள் வலது பக்கம் தூக்கி, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைத் திருப்பி, இடது பக்கம் தரையில் தட்டி எறிந்தாள். அவனுடைய இடது கை ஏற்கெனவே அங்கே இருந்தது. பந்து போய் அதில் உட்கார்ந்தது. பிடித்தவன் திரும்பாமலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

நாலரைக்குச் சான்றிதழ் போயிற்று. கிளம்பும்போது ஜுவைரியா அவளிடம், "உங்க பக்கத்தையும் அணைச்சிரட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் டாக்டர்," என்றாள் ஜெனோவா. "கேக்க ஆள் இல்லாத பேச்சுதான."

மறுநாள் டிராஃப்டில் லீக் தலைவர் முதல் பெயரைக் கேட்டபோது அவள் தயங்கவில்லை. சந்தனமாரி என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். தெய்வேந்திரன் உப்புக் கையால் மேசையைத் தட்டினார்.

அந்தக் கோடை முழுக்க அவள் வேறு எதையும் நினைக்கவில்லை, அல்லது நினைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். காலை ஐந்தரைக்கு அரங்கம் திறந்தாள். மிச்சமிருந்த இரண்டு மூத்தவர்களையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஐந்து இளசுகளை இறக்கினாள், ஒருவருக்கும் பொட்டு கிடையாது. ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள், விழுந்தார்கள், திட்டிக்கொண்டார்கள். "கண்ணு எதுக்கு இருக்கு? பாத்து ஆடு!" என்று பயிற்சியாளருக்குத் தொண்டை கட்டியது. கோயம்புத்தூரிலிருந்து முதல் இரண்டு மாதம் சேதியே இல்லை. மூன்றாவது மாதம் கார்வேந்தன் தாமாகவே கூப்பிட்டார். "புடிச்சிருச்சுங்க, பொட்டு புடிச்சிருச்சு. மெதுவாத்தான். ஆனா ஆடறாருங்க," என்றார். ஜெனோவா மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

சீசனின் முதல் ஆட்டம் தூத்துக்குடியில். லீக்கின் குசும்பைப் பாருங்கள், எதிரணி கோயம்புத்தூர்.

மீசைக்காரர் பின்வரிசையில் ஆஜர். "இந்த வருசமும் வந்துட்டா பாரு. முடிஞ்சு!" என்றார். ஜெனோவா பதினோராம் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல்கள் மடியில் அசைய ஆரம்பித்தன. யாருக்கும் கேட்காமல், முதல் நிமிடத்திலிருந்து ஆடினாள்.

இளசுகள் பயந்தார்கள், சொதப்பினார்கள், ஆனால் விடவில்லை. பதினெட்டுப் புள்ளி பின்னால் கிடந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தார்கள். ஏழு நொடி மிச்சமிருக்கும்போது ஒரே ஒரு புள்ளி பின்னால். பந்து கோயம்புத்தூரிடம். அது யாரிடம் போக வேண்டுமோ அவனிடமே போயிற்று. கூடைக்குக் கீழே, அவளுக்கு ஆறடி முன்னால், பொன்சீலன் இரண்டு கையாலும் பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா வைத்திருந்தாலே வெற்றி. அவ்வளவு உயரத்துக்கு யார் கை எட்டப் போகிறது?

அப்போது அவன் பந்தை மார்புக்கு இறக்கி, கழுத்தைத் திருப்பி, முதல் வரிசையைப் பார்த்தான். ஒன்பது, பத்து என்று அவன் கண் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தது. பதினொன்றில் வந்து நின்றது.

அரை நொடிதான். சந்தனமாரிக்கு அதுவே அதிகம்.

கீழேயிருந்து ஒரு கை வந்ததை அவன் உணர்ந்தபோது பந்து அவனிடம் இல்லை. அந்தப் பெண் மைதானம் முழுவதையும் தனியாக ஓடிக் கடந்து, மணி அடிக்கிற நேரத்தில் கூடைக்குள் போட்டாள். அரங்கம் இடிந்துவிடும் போலக் கத்தியது. தெய்வேந்திரன் யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"ஏ, நம்ம அக்கா ராசிக்காரிதாம்ல! நான் அப்பவே சொன்னேம்லா!" என்று பின்னால் மீசைக்காரர் கூவினார்.

ஜெனோவா எழுந்திருக்கவில்லை. பொன்சீலனும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவனுடைய புது அணிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களைக் கவனிக்காமல் இரண்டு எட்டு வைத்து அவள் எதிரே வந்து நின்றான்.

"ஏம்ல திரும்புன?" என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "ஆட்டத்தத் தொலைச்சிட்டியேல. இந்தப் பக்கம் ஒரு நாளும் பாக்க மாட்டியே நீ."

"முன்ன பாக்க வேண்டியதில்ல," என்றான் பொன்சீலன். "நீ இருக்கியான்னு இப்ப பாத்தாத்தானக்கா தெரியுது."